உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக் காவலும் ஜாமீனும்

காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்தில் ஒருவர் கைதானால் வீட்டார் மனதில் முதலில் வந்து நிற்பது புழல் சிறைதான். தலைவர்களை வீட்டுக் காவலில் வைத்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், "தீர்ப்பு வரும்வரை நம்ம பிள்ளையையும் அப்படி வீட்டிலேயே வைக்கக் கூடாதா?" என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தத் துணுக்குகள். வீட்டுக் காவல் நம் நாட்டில் வெகு சிலருக்கே கிடைத்திருக்கிறது. ஆனால் ஜாமீன் பற்றிய சட்டம் எல்லோருக்கும் உரியது. அதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1. சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது

விசாரணைக் கைதியை வீட்டுக் காவலில் வைப்பதற்கென்று இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தனிப் பிரிவு எதுவும் இல்லை. பழைய 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இல்லை. இன்று நாம் பேசுகிற வீட்டுக் காவல், நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வந்தது.

2. கதவைத் திறந்த தீர்ப்பு

2021 மே 12 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் யு.யு. லலித், கே.எம். ஜோசப் அமர்வு, பத்திரிகையாளர் கௌதம் நவ்லாகா வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. ரிமாண்ட் செய்யும் நீதிமன்றம், தகுந்த வழக்குகளில் ஒருவரைச் சிறைக்குப் பதிலாக வீட்டுக் காவலில் வைக்க உத்தரவிடலாம் என்றது. அதற்கு எவற்றைப் பார்க்க வேண்டும்? வயது, உடல்நிலை, முந்தைய நடத்தை, குற்றத்தின் தன்மை, வேறு வகைக் காவல் தேவையா என்பது, வீட்டுக் காவலை உறுதியாக நடைமுறைப்படுத்த முடியுமா என்பது. தண்டனை பெற்றவர்களுக்கு வீட்டுக் காவல் தரலாமா என்பதைச் சட்டமியற்றும் மன்றங்களின் யோசனைக்கு விட்டுவிட்டது.

3. கணக்கில் வராத 34 நாட்கள்

அதே தீர்ப்பில் நவ்லாகாவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. 2018 ஆகஸ்ட் இறுதியில் பீமா கோரேகாவ் வன்முறை தொடர்பான வழக்கில் அவரையும் சுதா பரத்வாஜ், வரவர ராவ், வெர்னான் கொன்சால்வஸ், அருண் ஃபெரைரா ஆகிய செயற்பாட்டாளர்களையும் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வீட்டுக் காவலில் வைத்தார்கள். நவ்லாகா அப்படி இருந்தது 34 நாட்கள். குற்றப்பத்திரிகைக்கான காலக்கெடுவில் அந்த நாட்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்தக் காவல் ரிமாண்ட் பிரிவின் கீழ் உத்தரவிடப்பட்டதல்ல என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. வீட்டுக் காவல் உத்தரவு வாங்கும்போது, அது எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்பதை வக்கீல் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

4. வாசலில் கேமரா, நாளுக்குப் பத்து நிமிடம் போன்

2022 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் நவ்லாகாவை மருத்துவக் காரணத்துக்காக வீட்டுக் காவலுக்கு மாற்றியது. நிபந்தனைகளைப் பாருங்கள். அறைகளுக்கு வெளியேயும் வாசல்களிலும் கண்காணிப்புக் கேமரா. இணையம் கூடாது. இணைய வசதியில்லாத, போலீசார் தரும் போனில், அவர்கள் முன்னிலையில், நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் பேசலாம். குடும்பத்தினர் இருவர் வாரத்துக்கு ஒருநாள் மூன்று மணி நேரம் வந்து பார்க்கலாம். போலீஸ் துணையோடு நடைப்பயிற்சிக்குப் போகலாம்; வழியில் யாருடனும் பேசக் கூடாது. காவல் செலவுக்கு முன்பணம் 2.4 லட்சம் ரூபாய். நவி மும்பையில் ஒரு நூலகம் இருந்த கட்டடத்தில் அவர் தங்கினார். ஒரு மாதத்துக்கென்று தொடங்கியது, ஒன்றரை ஆண்டு நீண்டது.

5. வீட்டுக் காவலுக்கு ரசீது உண்டு

சிறையில் காவலின் செலவு அரசுடையது. நவ்லாகாவின் வீட்டுக் காவலிலோ அந்தச் செலவு அவர் தலையில் விழுந்தது. 2024இல் தேசியப் புலனாய்வு முகமை அவரிடம் கேட்ட தொகை சுமார் 1.64 கோடி ரூபாய். 2024 மே 14 அன்று ஜாமீனில் விட வழிசெய்த உச்ச நீதிமன்றம், முதலில் 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்க முடியுமா? வீடும் பணமும் உள்ளவருக்கு மட்டும் எட்டுகிற நீதியை நாம் முழு நீதி என்று ஏற்க முடியாது.

6. விரகாலூரில் பிறந்த பாதிரியார்

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஏசு சபைப் பாதிரியார். அதே பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானபோது அவருக்கு 83 வயது. பார்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும். கடைசி நாட்களில் மும்பை உயர் நீதிமன்றத்திடம் அவர் கேட்டதெல்லாம் ராஞ்சிக்குப் போய்த் தன் மக்களோடு இருக்க அனுமதி. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு விசாரணையில் இருந்தபோதே, மும்பை மருத்துவமனையில் இறந்தார். வயதும் உடல்நிலையும் பார்த்து வீட்டுக் காவல் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தீர்ப்பு யாருக்காக எழுதப்பட்டதோ, அப்படிப்பட்ட ஒருவருக்கே அது போய்ச் சேரவில்லை.

7. ஊட்டியில் பறந்த கொடி

1917 ஜூனில் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட், ஹோம் ரூல் இயக்கத் தலைவி அன்னி பெசன்ட்டையும், உடன் பணியாற்றிய ஜி.எஸ். அருண்டேல், பி.பி. வாடியா இருவரையும் காவலில் வைத்தார். வழக்கு இல்லை, விசாரணையும் இல்லை; ஊட்டியில் ஒரு வீடுதான் காவல் இடம். அங்கே தோட்டத்தில் ஹோம் ரூல் கொடியை ஏற்றினார் அன்னி பெசன்ட். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, அதே ஆண்டு செப்டம்பரில் விடுதலையானார். டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

8. தந்தைக்குக் கொடைக்கானல், மகனுக்குச் சொந்த வீடு

காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லாவை 1965இல் கைது செய்த மத்திய அரசு, அவரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து, கொடைக்கானலில் ஒரு பங்களாவில் 1967 வரை காவலில் வைத்தது. அவர் மகன் ஃபரூக் அப்துல்லாவை 2019இல் அடைத்துவைத்தது ஸ்ரீநகரில் அவருடைய சொந்த வீட்டிலேயே. அந்த வீட்டையே துணைச் சிறையாக அறிவித்தார்கள். இரண்டும் தடுப்புக் காவல். விசாரணைக்குக் காத்திருப்பவரின் காவல் வேறு, இது வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

9. புதுச் சட்டத்தின் ஒரு வரி

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவு, விசாரணைக் காவலில் உள்ளவரை எங்கே வைக்கலாம் என்று வரையறுக்கிறது. போலீஸ் காவல் என்றால் காவல் நிலையம். நீதிமன்றக் காவல் என்றால் சிறை. இல்லாவிட்டால் மத்திய அரசோ மாநில அரசோ சிறை என்று அறிவித்த இடம். இந்த வரி பழைய சட்டத்தில் இல்லை. இனி ஒரு வீடு காவல் இடமாக வேண்டுமானால் அரசு அறிவிப்பு வேண்டுமா என்ற கேள்வியை இது எழுப்புகிறது. 2021 தீர்ப்பைக் காட்டி வாதாடுகிற வக்கீல் இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

10. கல்யாண மண்டபக் காவல்

போராட்டத்துக்கு முதல்நாள் இரவே தலைவர்கள் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். மறுநாள் நாளிதழில் 'வீட்டுக் காவல்' என்று செய்தி வரும். நீதிமன்ற உத்தரவு ஏதும் இல்லாத காவல் அது. குற்றம் நடக்காமல் தடுக்கக் கைது செய்யும் அதிகாரம் அதே புதுச் சட்டத்தின் 170ஆம் பிரிவில் போலீசுக்கு உண்டு. ஆனால் அந்தப் பிரிவின் கீழ் மட்டும் 24 மணி நேரத்துக்கு மேல் யாரையும் வைத்திருக்க முடியாது. மறியல் செய்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவதை எண்ணூர் மக்கள் அறிவார்கள். எந்த இடமானாலும், எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

11. காமிக்ஸில் பிறந்த கால்பட்டை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஜாக் லவ் என்ற நீதிபதி, ஸ்பைடர்மேன் படக்கதையில் வில்லன் நாயகனுக்குக் கண்காணிப்புக் கருவி மாட்டுவதைப் பார்த்தார். அந்த யோசனையிலிருந்து 1983இல் மின்னணுக் கால்பட்டை நடைமுறைக்கு வந்தது. இன்று பல நாடுகளில் வீட்டுக் காவல் நடப்பது இந்தப் பட்டையை நம்பித்தான். இந்தியாவில் 2023 நவம்பரில் ஜம்மு காஷ்மீர் போலீசார், ஜாமீனில் வந்த ஒருவருக்கு முதல்முறையாக ஜிபிஎஸ் கால்பட்டை மாட்டினார்கள். மத்திய சட்ட ஆணையம் 2017இல் தந்த 268ஆம் அறிக்கையில், இந்தக் கருவியை மிகுந்த எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தது.

12. கூகுள் மேப் நிபந்தனை செல்லாது

ஜாமீனில் வந்தவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் மேப் வழியாகப் போலீசுக்கு எப்போதும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று சில நீதிமன்றங்கள் நிபந்தனை போட்டன. 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அதை ஏற்கவில்லை. ஜாமீனில் உள்ளவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் பார்த்துக்கொண்டே இருக்கும்படி நிபந்தனை விதிக்கக் கூடாது. அது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையை மீறும் என்றது.

13. நாட்டுக்கு நாடு கணக்கு வேறு

இத்தாலியில் வீட்டுக் காவலில் கழித்த நாள், சிறைக் காவல் நாளாகவே கணக்கிடப்படும். இங்கிலாந்தில் கால்பட்டையோடு நாளுக்கு ஒன்பது மணி நேரமாவது வீட்டில் அடைபட்டிருந்தால், பின்னால் சிறைத் தண்டனை வரும்போது அந்த ஒருநாள் அரைநாளாகக் கழியும். பிரேசில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில், விசாரணைக் கைதிகளான கர்ப்பிணிகளையும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தாய்மாரையும் வீட்டுக் காவலுக்கு மாற்றும்படி ஒரே தீர்ப்பில் உத்தரவிட்டது. வன்முறைக் குற்றம் போன்ற சில விலக்குகள் உண்டு. நம் சட்டத்திலும் பெண்கள், நோயாளிகள், உடல் தளர்ந்தவர்கள் ஆகியோருக்குக் கடுமையான வழக்கிலும் ஜாமீன் தரலாம் என்ற வழி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவில் இருக்கிறது. அதைத் துணிந்து பயன்படுத்தும் நீதிமன்றங்கள் பெருக வேண்டும்.

14. இலங்கையில் ஒரு பிரிவு

இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒருவர் தன் இருப்பிடத்தை விட்டு வெளியே நடமாடுவதைக் கட்டுப்படுத்த அமைச்சருக்கே அதிகாரம் தருகிறது. நீதிபதி விதிக்கும் வீட்டுக் காவலுக்கும் அமைச்சர் விதிக்கும் வீட்டுக் காவலுக்கும் உள்ள தூரம் பெரியது.

15. ராயபுரத்திலிருந்து திருச்சிக்கு

வட சென்னை நன்றாக அறிந்த ஒரு வழக்கு இது. 2022 பிப்ரவரி 19 உள்ளாட்சித் தேர்தல் நாளில் ராயபுரத்தில் தி.மு.க.காரர் ஒருவரைத் தாக்கியதாக வந்த புகாரில், முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார் கைதானார். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் தந்தது. நிபந்தனை: இரண்டு வாரம் திருச்சியில் தங்கி, கன்டோன்மென்ட் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருக்கும் ஊரிலிருந்து ஒருவரைத் தள்ளி வைக்கத் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் அடிக்கடி கையாளும் வழி இது. வீட்டுக் காவல் ஒருவரை வீட்டோடு கட்டிப்போடுகிறது. இந்த நிபந்தனை வீட்டை விட்டே விலக்கிவைக்கிறது. இரண்டிலும் தீர்ப்புக்கு முன்பே ஒருவரின் நடமாட்டம் குறைகிறது.

16. கையெழுத்து: ஏழையின் வீட்டுக் காவல்

நம் ஊரில் விசாரணைக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கண்ட நிபந்தனை, தினமும் காலை 10.30க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. கேட்க எளிதாகத் தோன்றும். காட்டுக்குப்பத்திலோ தாழங்குப்பத்திலோ விடியுமுன் கடலுக்குப் போகிற மீனவருக்கு, 10.30 என்பது படகு இன்னும் கரை திரும்பாத நேரமாக இருக்கலாம். தொழிற்சாலையில் காலை ஷிப்ட்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் வெளியூர் லோடு ஏற்ற முடியாது. கையெழுத்து தவறினாலோ ஜாமீனே ரத்தாகும் ஆபத்து உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. 'நிபந்தனை தளர்வு மனு' என்று ஒன்று போடலாம். சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்திட்ட பிறகு, வேலை நேரத்தையும் குடும்ப நிலையையும் எடுத்துச் சொல்லி, நேரத்தை மாற்றவோ, வாரம் ஒருநாளாகக் குறைக்கவோ, முழுவதும் நீக்கவோ கேட்கலாம். கையெழுத்திட்ட நாட்களின் விவரமும் வேலைக்கான அடையாளச் சான்றும் கையில் இருந்தால் மனுவுக்கு வலு கூடும். இது தெரியாமல் மாதக்கணக்கில் கூலியை இழப்பவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

17. 60 நாள், 90 நாள்

குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய போலீசுக்குக் கெடு உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கும் குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். போதைப்பொருள், பயங்கரவாதத் தடுப்பு போன்ற சிறப்புச் சட்டங்களில் கெடு இதைவிட நீளும். கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால், ஜாமீன் கேட்பது சட்டப்பூர்வ உரிமை. ஆனால் மனு போட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கும்போது குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும்.

இதில் தமிழ்நாட்டு வழக்குகள் இரண்டு நாட்டுக்கே வழிகாட்டின. கொரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி இந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது என்று 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கில். மனு போட்ட பிறகு, அன்றே குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தாலும் ஜாமீன் உரிமை அழியாது என்று 2020 அக்டோபர் 26 அன்று சொன்னது, சென்னைப் போதைப்பொருள் வழக்கு ஒன்றில். ஆகவே வீட்டுச் சுவரில் நாள்காட்டி இருந்தால், ரிமாண்ட் ஆன தேதியை வட்டமிட்டு வையுங்கள்.

18. மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று

விசாரணை முடியாமலே நாட்கள் ஓடினால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைக் கேளுங்கள். அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கு ஜாமீன் தர வேண்டும். இதற்கு முன் தண்டனை பெறாத, முதல்முறை வழக்கில் சிக்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். அந்தக் காலம் ஆனதும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தெளிவாக்கியது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடையாது.

19. ஷூரிட்டிக்கு ஆள் இல்லையா?

ஜாமீன் உத்தரவு வந்தும், இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. 1978இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரின் வழக்கில், பத்தாயிரம் ரூபாய் ஷூரிட்டி கேட்டதையும், சகோதரர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளியதையும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக வழிகாட்டியது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் தர முடியவில்லை என்றால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்திப் பார்க்கலாம். பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்க வழி உண்டு.

20. ஜாமீனையும் தாண்டும் குண்டர் சட்டம்

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டத்தில் ஒருவரை அடைத்தால், வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. 12 மாதம் வரை தடுப்புக் காவல். ஆனால் காவலுக்கான காரணங்களை ஐந்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். கைதிக்குப் புரியும் மொழியில் ஆவணங்கள் தராததே பல உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகக் காரணமாகியிருக்கிறது. ஆட்கொணர்வு மனு போடும் குடும்பம் ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

21. நூறு பேரில் எழுபத்தைந்துக்கும் மேல்

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது 75.8 விழுக்காடு. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். நவ்லாகா தீர்ப்பிலும் சிறை நெரிசலைச் சுட்டிக்காட்டியே வீட்டுக் காவலை யோசிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆனால் வாசலுக்கு ஒரு கேமராவும் காவலுக்கு ஆட்களும் வைத்து இத்தனை லட்சம் பேரை வீட்டுக் காவலில் வைக்க எந்த அரசாலும் முடியாது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது வழக்கமாக வேண்டும், செலவை அரசே ஏற்க வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டியது காலத்தில் கிடைக்கும் ஜாமீன்.

22. தொழிலாளி என்றால் வக்கீல் இலவசம்

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, காவலில் உள்ள எவரும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெறலாம். ஆலைத் தொழிலாளரும், தொழிற்சாலைப் பேரிடரால் பாதிக்கப்பட்டவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா நெடியில் ஓடிய எண்ணூர் மக்களுக்கு இந்த வரி எவ்வளவு நெருக்கமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண் 15100. கைது நடந்தால் முதலில் மூன்று விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிரிவுகள், எந்த நீதிமன்றம், ரிமாண்ட் தேதி. இவற்றோடு அந்த எண்ணுக்குப் பேசுங்கள்; ஜாமீன் மனுவும் நிபந்தனை தளர்வு மனுவும் அங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் தெருவில் இந்த எண் தெரியாத வீடு ஒன்று இருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.